இறந்தார் பொருள் யாருக்கு?

மாத்தளை மாவட்டத்துப் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளுள் பல்லேபொல ஒன்று. மாத்தளை நகருக்கு வடக்கே, வயலும் தென்னையும் மிளகுக் கொடியும் நிறைந்த பகுதி அது. சிங்களக் குடும்பங்களே அங்கு மிகுதி. முஸ்லிம் மக்களும் தமிழரும் அவர்களோடு கலந்து வாழ்கின்றனர். ஒரே கடைவீதியிற் சாமான் வாங்குகின்றனர். ஒரே பேருந்தில் மாத்தளைக்குப் போய் வருகின்றனர். கலியாண வீட்டிலும் சாவீட்டிலும் ஒருவர் மற்றவருக்குத் துணை நிற்கின்றனர். ஆனால், சாவு வீட்டுப் பந்தல் பிரிக்கப்பட்ட பின்னர், இறந்தவர் விட்டுச் சென்ற பொருளைப் பங்கிடும் வேளை வரும்போது, இம்மக்கள் நால்வேறு வழிகளிற் பிரிந்து செல்கின்றனர் என்பது பலரும் நினைத்துப் பாராத செய்தி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பல்லேபொலக் கடைவீதியை அடுத்து நான்கு வீடுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் அவ்வூரிலேயே பிறந்த கண்டிச் சிங்களக் கமக்காரர். இரண்டாமவர் தோட்டமொன்றில் நெடுங்காலம் உழைத்து, பின்னர் தேநீர்க்கடை வைத்த இந்திய வம்சாவளித் தமிழர். மூன்றாமவர் யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோக நிமித்தம் வந்தவர். ஊரிற் காணியும் சொந்தமும் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றன. நான்காமவர் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கும் முஸ்லிம் வர்த்தகர். நால்வரும் மணமான பின் தத்தம் உழைப்பால் ஒரே விலைக்கு ஒவ்வொரு வீடு வாங்கினர். நால்வருக்கும் மனைவி, இரண்டு ஆண்மக்கள், ஒரு பெண். பெற்றோர் எவருக்கும் உயிரோடில்லை. நால்வரும் ஒரே ஆண்டில் மரணசாதனம் எழுதாது இறந்துபோயினர். நான்கு விதவைகளுக்கும் அந்த வீட்டிற் கிடைப்பது என்ன?

தேநீர்க்கடைக்காரரின் மனைவிக்குப் பாதி வீடு முழு உரிமையோடு சேரும். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அவ்வாறு கூறுகிறது. மற்றப் பாதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும். ஆணென்றும் பெண்ணென்றும் வேறுபாடில்லை. ஆளுக்கு ஆறிலொரு பங்கு.

யாழ்ப்பாணத்தவரின் மனைவிக்கும் பாதி கிடைக்கும். ஆனால் வேறு வழியாக. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்டு, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் ஆங்கிலேயர் ஏற்றுக்கொண்ட தேசவழமை, யாழ்ப்பாணத்தைத் தம் நிலையான வாழிடமாகக் கொண்ட தமிழரை அவர்கள் எங்கே சென்றாலும் பின்தொடர்கிறது. அவர் பல்லேபொலவில் இருபது ஆண்டு இருந்தாலும், யாழ்ப்பாண வாழ்வுரிமையை விட்டுவிடவில்லையெனில், அவருக்குத் தேசவழமையே சட்டம். உழைப்பால் வாங்கிய வீடு தேடியதேட்டம். 1911ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 1947இல் வந்த திருத்தத்தின்படி தேடியதேட்டத்திற் பாதி மனைவியைச் சேரும். யாழ்ப்பாணத்தில் அவருக்குள்ள முதுசக் காணியோ பிள்ளைகளைச் சேரும். மனைவி அதற் பங்கு கோர இயலாது.

முஸ்லிம் வர்த்தகரின் மனைவிக்கு எட்டிலொரு பங்கு. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மரணசாதனமின்றி இறக்கும் முஸ்லிமின் பொருளை அவர் சார்ந்த பிரிவின் இஸ்லாமியச் சட்டப்படி பங்கிடுமாறு விதிக்கிறது. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டிலொன்று, இல்லையெனில் நாலிலொன்று. மீதி எட்டில் ஏழை, மகனுக்கு இரண்டு மகளுக்கு ஒன்று என்ற வீதத்திற் பிரித்தால், ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் இருபதில் ஏழு, பெண்ணுக்கு நாற்பதில் ஏழு வரும். கணக்கிற் கெட்டிக்காரரான சந்தை வியாபாரிகளே இதிற் கொஞ்சம் தடுமாறுவர்.

இனி, அவ்வூருக்கே உரியவரான கமக்காரரின் மனைவி. அவருக்கு அந்த வீடு முழுவதும் உண்டு. ஒரு கல்லும் சொந்தமில்லை! கண்டிச் சட்டப்படி, கணவன் தேடிய ஆதனத்தில் மனைவிக்கு ஆயுட்கால அனுபவ உரிமை உண்டு. அதில் வசிக்கலாம், அதன் பலனை உண்ணலாம். விற்கவோ எழுதிக் கொடுக்கவோ இயலாது. அவர் காலத்துக்குப் பின்னரே பிள்ளைகளுக்கு முழு உரிமை வரும்.

கண்டிச் சட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லுதல் தகும். 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் திகதி கண்டி உடன்படிக்கை எழுதப்பட்டபோது, அந்நாட்டு வழக்கங்கள் காக்கப்படும் என்று ஆங்கிலேயர் உறுதி கூறினர். அந்த வழக்கங்களில் நிலத்தைப் பற்றியவையே தலையாயவை. முன்னோரிடமிருந்து வழிவழி வந்த நிலம் பரவேணி. ஒருவர் தாமே தேடியது வேறு. பரவேணி குடும்பத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பதே பழைய நோக்கம். ஆகவே மணமுறையும் நிலத்தை ஒட்டியே அமைந்தது. பெண் கணவன் வீட்டுக்குச் செல்வது தீக மணம். கணவன் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பது பின்ன மணம். தீகமாய்ச் சென்ற மகள் தந்தையின் பரவேணியிற் பொதுவாகப் பங்கை இழப்பாள். பின்னமாய் வீட்டில் நின்றவள் பங்கு பெறுவாள். பின்ன மாப்பிள்ளையின் நிலையோ பரிதாபமானது. ஒரு கைத்தடி, ஒரு தாளிப்பனை ஓலை, ஒரு தீப்பந்தம் ஆகிய மூன்றையும் அவன் எப்போதும் வாசலில் ஆயத்தமாய் வைத்திருக்கவேண்டுமாம். நள்ளிரவிலே, கொட்டும் மழையிலே, காய்ச்சலிலே கிடந்தாலும், போ என்று சொன்னவுடன் புறப்பட வேண்டியவன் அவன் என்று முன்னோர் வேடிக்கையாய்ச் சொல்லி வைத்தனர். மாமனார் வீட்டுச் சோற்றைப் பற்றித் தமிழரிடையே வழங்கும் பழமொழிகளுக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று.

1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இவ்வழக்கங்கள் பலவற்றை எழுத்திலே திட்டப்படுத்தியது. அதற்கு முன், தீகமாய்ப் போன பெண் பிறந்த வீட்டுக்கு மீண்டு வந்து நெருங்கியிருந்தாள் என்று காட்டி இழந்த பங்கைக் கேட்ட வழக்குகள் எத்தனையோ நீதிமன்றங்களில் நடந்தன. அச்சட்டத்தின் பின் அந்த வாயில் அடைபட்டது. மணமுடித்தபின் இருப்பிடம் மாறுவதாலோ நடத்தையாலோ தீகம் பின்னமாகாது, பின்னம் தீகமாகாது. 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டி விவாக, விவாகரத்துச் சட்டமோ விவாகப் பதிவையே இதற்குச் சிறந்த சான்றாக வைத்தது. எந்த மணம் என்று பதிவிலே குறிக்கப்படவில்லையெனில் அது தீகம் என்றே கருதப்படும். கலியாணப் பரபரப்பில் பதிவாளர் முன் அமர்ந்து, எங்கே ஒப்பமிடுவது என்று மட்டும் கேட்கும் மணமகள், அந்த ஒரு சொல்லால் தன் தந்தையின் வயலை இழக்கலாம். மணநாளன்று அதை அவளுக்கு எடுத்துச் சொல்வோர் யாரும் இரார்.

விதவையைப் பற்றி அச்சட்டம் இரக்கமற்றது என்று சொல்வதற்கில்லை. கணவன் தேடிய ஆதனம் வாழ்க்கைச் செலவுக்குப் போதாதாயின், அவள் பரவேணியிலிருந்து பராமரிப்புப் பெறலாம். ஆனால் பராமரிப்பு என்பது கேட்டுப் பெறும் பொருள். மகன் கொடுக்க மனமிருந்தால் எளிது. மருமகள் ஒப்பாவிடின் நீதிமன்றப் படி ஏறவேண்டும். முழு வீட்டில் ஆயுள் உரிமை பெரிதா, பாதி வீட்டின் முழு உரிமை பெரிதா என்று கேட்டால், விடை அந்த விதவையின் வயதைப் பொறுத்தது. எழுபது வயதுத் தாய்க்கு முன்னதே நல்லது. எவரும் அவரை வெளியேற்ற இயலாது. முப்பது வயதில் மூன்று பிள்ளைகளுடன் நிற்பவளுக்கு வீட்டை ஈடு வைத்துக் கடை நடத்தும் வல்லமை வேண்டும். ஆயுள் உரிமை அதைத் தராது.

பாதி பெற்றவளுக்கும் இடர் இல்லாமலில்லை. தேநீர்க்கடைக்காரரின் பிள்ளைகள் மூவரும் வயது வராதவர்கள் என்று வைப்போம். பாதி வீடு தாயினுடையது, மறுபாதி பிள்ளைகளுடையது. கடனைத் தீர்க்க வீட்டை விற்கலாமென்று அவர் எண்ணினால், பிள்ளைகளின் பங்கைத் தாயென்ற முறையில் விற்றுவிட முடியாது. மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். விற்பது பிள்ளைகளின் நன்மைக்கே என்று காட்டவேண்டும். அதற்குச் செல்லும் மாதங்களில் வட்டி வளரும்.

இதுவரை கூறியது வீடும் காணியும் உடையவரைப் பற்றியது. மாத்தளைப் பகுதியில் கோப்பிக் காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாய் உழைத்த தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோருக்குக் காணியுறுதி என்ற ஒன்று கைக்கு வந்ததேயில்லை. லயத்து அறை தோட்டத்தின் உடைமை. அவர் இறந்தால் அவர் விட்டுச் செல்லும் ஆதனம் முக்கியமாக மூன்று. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ச் சேரும் ஊழியர் சேமலாப நிதி. 1980ஆம் ஆண்டு வந்த ஊழியர் நம்பிக்கை நிதி. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தாண்டுச் சேவைக்குமேல் உரியதாகும் பணிக்கொடை. சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டும், தொழில் கொள்வோரிடமிருந்து நூற்றுக்குப் பன்னிரண்டும் சேர்கின்றன. முப்பது ஆண்டு உழைத்தவரின் கணக்கில் அது கணிசமான தொகை. பல குடும்பங்களுக்கு ஒரே சமயத்திற் கண்ணாற் காணும் மிகப் பெரிய பணம் அதுவே.

அப்பணம் விதவையின் கைக்கு வந்து சேரும் பாதையிற் பெரிய முட்டுக்கட்டை சட்டமன்று, பெயர். தோட்டத்துச் செக்ரோலில் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர், பிறப்பத்தாட்சியில் வேறொன்று, அடையாள அட்டையில் மூன்றாவது. காளியம்மா ஓரிடத்திற் காளியாய் ஆகிறார். தகப்பன் பெயர் முன்னும் பின்னும் மாறி நிற்கிறது. விவாகம் கோயிலிலே நடந்து பதிவு செய்யப்படாமல் விடப்பட்டிருந்தால், அவர் மனைவிதான் என்று காட்டுவதற்கே தனியாகச் சான்று தேடவேண்டும். கிராம உத்தியோகத்தரின் கடிதம், சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசி, தோட்டக் கந்தோரின் உறுதிப்படுத்தல் என்று ஒவ்வொன்றாய்த் திரட்டி, தொழில் திணைக்களத்துக்கு நடக்கவேண்டும். கணவர் உயிரோடிருந்தபோது அரை நாளில் திருத்தியிருக்கக்கூடிய எழுத்துப் பிழைக்காக, அவர் மறைந்தபின் மனைவி ஓராண்டு அலைகிறார். இந்த அரை நாளுக்குச் சம்பளம் வெட்டுப்படுமே என்று தள்ளிப் போடுவதுதான் வழக்கம். அதைக் குறை சொல்வதும் எளிதன்று.

வேறொரு சிக்கலும் இம்மக்களுக்கே உரியது. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் உரியவர்களாகப் பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974இற் பாதிபாதியாகப் பங்கிடப்பட்டனர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் மூத்தவன் நீலகிரிக்குப் போனான். இளையவள் மாத்தளையிலேயே நின்றாள். இப்போது தகப்பன் மாத்தளையில் இறந்தால், 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணிற் கடல் குறுக்கே இல்லை. மூத்தவனுக்கும் இளையவளுக்கும் சம பங்கே. தகப்பனைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மகளுக்கு இது நியாயமாகத் தோன்றாமற் போகலாம். அவள் மனக்குறை உண்மையானதே; ஆனால் மரணசாதனம் இல்லாதவிடத்துச் சட்டம் பணிவிடையை எடைபோடுவதில்லை.

இங்கேதான் பெயர் குறித்தல் என்ற விஷயம் வருகிறது. சேமலாப நிதியிலும் ஆயுட் காப்புறுதியிலும், தமக்குப்பின் யாரிடம் பணம் கொடுக்கப்படவேண்டும் என்று அங்கத்தவர் ஒரு பெயரைக் குறித்து வைக்கலாம். படிவத்தில் ஒரு வரி; நிரப்புவதற்கு ஒரு நிமிடம். அந்த நிமிடத்தில் மணமாகாத இளைஞன் தாயின் பெயரை எழுதுகிறான். பத்து ஆண்டு கழிகிறது; மணமாகிறது, குழந்தைகள் பிறக்கின்றன. படிவத்தில் தாயின் பெயரே நிற்கிறது. அவன் விபத்தில் இறந்தால், ஒரே வீட்டில் அழுதுகொண்டிருக்கும் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே அந்தப் படிவம் வந்து விழுகிறது.

குறிக்கப்பட்டவர் பணத்தை வாங்குபவரா, அதற்கு உடைமையாளரா என்பதே இதில் எழும் கேள்வி. இந்தியாவில் இக்கேள்வி நெடுங்காலம் நீதிமன்றங்களை அலைக்கழித்தது. ஒருவர் இரண்டு ஆயுட் காப்புறுதிப் பத்திரங்களில் மனைவியின் பெயரைக் குறித்துவிட்டு, 1982இல் உயில் எழுதாமல் இறந்தார். அவருடைய தாயார் தமக்கும் பங்குண்டு என்று வழக்குத் தொடுத்தார். மனைவி, பெயர் என்னுடையது, ஆகவே பணமும் என்னுடையது என்றார். அதற்குமுன் டில்லி உயர் நீதிமன்றம் மனைவி பக்கத்துக் கருத்தையே கூறியிருந்தது. 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றித் தீர்த்தது. 1938ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, பெயர் குறிக்கப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே. அப்பணம் வாரிசுகள் அனைவருக்கும் உரியது என்பது தீர்ப்பு. காப்புறுதிக் கம்பனியின் பொறுப்பு அவர் கையிற் கொடுப்பதோடு முடியும், பங்கீடு பிறகு. இத்தீர்ப்பு முப்பது ஆண்டுக்குமேல் நின்றது. 2015இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் பெயர் குறிக்கப்பட்டால் அவர்கள் அப்பணத்தின் பயனுக்கே உரியவராவர் என்று புதிய விதி சேர்க்கப்பட்டது. ஆகவே, அண்ணன் பெயரை எழுதினால் ஒரு பொருள், மனைவி பெயரை எழுதினால் வேறொரு பொருள். ஒரே படிவம், ஒரே வரி!

இந்தத் தீர்ப்பு இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதன்று. எனினும் அது எழுப்பிய கேள்வியை, பல்லேபொலவிற் பத்திரம் எடுப்பவரும் தம் முகவரிடம் கேட்கவேண்டும்: நான் குறிக்கும் பெயருக்குப் பணம் சொந்தமா, கைமாற்றா? பத்திரத்தின் நிபந்தனைகளை எடுத்துக் காட்டி முகவர் விடை சொல்லவேண்டும். இலங்கையில் 1962 முதல் ஆயுட் காப்புறுதி அரச கூட்டுத்தாபனத்தின் தனியுரிமையாக இருந்தது. 1980களின் பிற்பகுதியிலிருந்து தனியார் கம்பனிகளும் அதில் இறங்கின. அதன் பின் வீட்டு வாசலுக்கு வரும் முகவர் தொகை பெருகியது. தவணைப் பணம் எவ்வளவு என்று கேட்பவர் பலர்; இந்தக் கேள்வியைக் கேட்பவர் சிலரே.

ஆயுட் காப்புறுதி பிறந்ததே விதவைகளின் கண்ணீரிலிருந்து என்று கூறினால் மிகையாகாது. 1744ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்து நாட்டுத் திருச்சபையின் குருமார் இருவர், ரொபேட் வாலஸ், அலெக்சாந்தர் வெப்ஸ்டர் என்போர், இறந்துபோகும் குருமாரின் விதவைகளும் பிள்ளைகளும் தெருவில் நிற்பதைப் பொறாது ஒரு நிதி அமைத்தனர். ஆண்டுக்கு எத்தனை குருமார் இறப்பர், எத்தனை விதவைகள் எஞ்சுவர் என்று கணித ஆசிரியர் ஒருவரின் துணையுடன் கணக்கிட்டு, அதற்கேற்பத் தவணை வகுத்தனர். இலங்கையிலும் 1898ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் அரச உத்தியோகத்தரின் விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய நிதி ஏற்பட்டது. சம்பளத்தில் மாதந்தோறும் அதற்குக் கழிவதைப் பார்த்து முணுமுணுக்காத உத்தியோகத்தர் அரிது. அதன் பயனை அனுபவித்துச் சொல்ல வேண்டியவர் அவரல்லர்.

காணியிலும் பெயர் குறித்தல் உண்டு. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தாலோ அளிப்புப் பத்திரத்தாலோ கொடுத்த காணி, மேற்சொன்ன நான்கு சட்டங்களின் வழியே செல்லாது. காணி பெற்றவர் தமக்குப் பின்னுரித்தாளி ஒருவரைக் குறித்துப் பதிவு செய்யவேண்டும். குறிக்காமல் இறந்தால், சட்டத்தின் அட்டவணையிலுள்ள ஒழுங்கு பேசும். பன்னெடுங்காலம் அந்த ஒழுங்கில் மகன் முன்னும் மகள் பின்னும் நின்றனர். மூத்தவர் இளையவருக்கு முந்தினர். வயலில் நாற்று நட்டவள் மகளாயினும், கொழும்பிற் கடைச் சிப்பந்தியாய் இருந்த மகனுக்கே காணி சென்ற குடும்பங்கள் உண்டு. 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ஆண்பாலுக்கிருந்த அந்த முதன்மையை நீக்கியது. காலம் தாழ்ந்து வந்த நீதிதான், எனினும் வந்தது. அனுமதிப்பத்திரம் வைத்திருப்போர் பிரதேச செயலகத்துக்குச் சென்று, பின்னுரித்தாளியின் பெயர் பதிவாகியுள்ளதா, அவர் இன்றும் உயிரோடிருப்பவர்தாமா என்று பார்த்து வருதல் நன்று. இறந்துபோன அண்ணனின் பெயர் பின்னுரித்தாளியாக நிற்பது அபூர்வமன்று.

தனியார் ஆதனத்தைப் பொறுத்தவரை, மேலே கண்ட பங்குகள் அனைத்தையும் ஒரு காகிதம் மாற்றிவிடும். 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மரணசாதனம் எழுதுவோருக்குப் பரந்த சுதந்திரம் அளித்தது. பிள்ளைகளுக்கு இவ்வளவாவது விட்டே தீரவேண்டும் என்று ரோமன் டச்சுச் சட்டத்தில் இருந்த கட்டாயம் அதனால் நீங்கியது. கண்டிச் சிங்களக் கமக்காரர் தாம் தேடிய வீட்டை மனைவிக்கு முழு உரிமையோடு எழுதிவைக்கலாம். தேநீர்க்கடைக்காரர் தம்மைப் பராமரித்த மகளுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். யாழ்ப்பாணத்தவர் தம் முதுசத்திலிருந்தும் மனைவிக்கு ஒரு பங்கு ஒதுக்கலாம். சுதந்திரம் இருமுனைக் கத்திதான். மனைவியை ஒன்றுமில்லாமல் விட்டுச் செல்லவும் அதே சட்டம் இடந்தருகிறது. அப்படி நடந்த வீடுகளும் உண்டு.

எழுதும் முறையை 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் வகுத்துள்ளது. எழுதுபவர் நொத்தாரிசு முன்னிலையில் ஒப்பமிடவேண்டும். இரண்டு சாட்சிகள் அதே வேளையில் உடனிருக்கவேண்டும். நொத்தாரிசு இல்லையெனில் ஐந்து சாட்சிகள் வேண்டும். மருத்துவமனைக் கட்டிலில் மூச்சுத் திணறும்போது ஐந்து சாட்சிகளைக் கூட்டுவது எளிதன்று. கூட்டினாலும், நோயாளி சுயபுத்தியோடு ஒப்பமிட்டாரா என்ற கேள்வி பின்னால் எழும். ஆதலின் உடல் நலத்தோடிருக்கும்போதே நொத்தாரிசிடம் செல்வது நன்று. பங்கு பெறுவோரைச் சாட்சியாக வைக்காதிருத்தல் விவேகம். மரணசாதனம் எழுதினால் ஆயுள் குறையும் என்ற அச்சம் நாற்சாதியாருக்கும் பொதுவாயுள்ளது. இது ஒன்றிலாவது நால்வரும் ஒத்திருக்கின்றனர். கறுத்த கோட்டணிந்தவர் வீட்டுக்குள் வந்தாலே பாட்டிமார் கலங்கிப்போவர்.

சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஆதனத்தை ஒருவர் கையில் ஒப்படைத்து, அதன் பயன் வேறொருவருக்குச் சேருமாறு எழுதலாம். நிலமாயின் அதுவும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படவேண்டும். தாய்மாமனைப் பொறுப்பாளராக்கி, மருமக்கள் படிப்புக்குக் கடை வாடகை செலவாகவேண்டும் என்று குறிப்பிடலாம். பொறுப்பாளர் அந்த வாடகையைத் தம் பணத்தோடு கலக்கலாகாது. அந்தக் கடையிலிருந்து தமக்கென்று இலாபம் தேடலாகாது. கேட்கும்போது கணக்குக் காட்டவேண்டும். பிள்ளைகள் அவரிடம் தயவு கேட்பவர்களல்லர், உரிமை உடையவர்கள். தமிழ்க் குடும்பங்களில் இந்த இடத்திலேதான் சங்கடம். மாமனிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தாயே பிள்ளைகளைத் தடுத்துவிடுகிறார். கணக்குக் கேட்பதை மரியாதைக் குறைவாகக் கொள்ளாத மாமன் ஒருவரையே பொறுப்பாளராகத் தேர்ந்தெடுக்கவேண்டும். அத்தகையவர் குடும்பத்தில் இல்லையெனில், வெளியாரான இருவரைச் சேர்த்து நியமிப்பது மேல்.

இனி, எழுதி முடித்த மரணசாதனம் எங்கே இருக்கிறது என்பது ஒருவருக்காவது தெரிந்திருக்கவேண்டும். தகரப் பெட்டியின் அடியில், பழைய ஜாதகக் கட்டுகளுக்குள் அது கிடந்து, பங்கீடு முடிந்து ஐந்தாண்டின் பின் வெளிப்பட்டால் குடும்பம் மறுபடி பிளவுபடும். நொத்தாரிசின் பெயரையும் சாதனத்தின் இலக்கத்தையும் மனைவியிடம் ஒரு துண்டிலாவது எழுதிக் கொடுத்திருத்தல் போதும். எழுதியவர் இறந்தபின் அதைக் கைவசம் வைத்திருப்பவர், அவர் மூத்த மகனாயினும் மைத்துனராயினும், கூடிய விரைவில் மாவட்ட நீதிமன்றத்திற் சேர்ப்பிக்கும்படி சிவில் நடைமுறைச் சட்டம் பணிக்கிறது. பல்லேபொலவில் இறப்பவரின் சாதனம் சென்று சேரவேண்டிய இடம் மாத்தளை. விதவை அங்கே செல்லும்போது இறப்பத்தாட்சி, விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிகள், காணியுறுதி, காப்புறுதிப் பத்திரம் ஆகிய ஐந்தையும் ஒரு கட்டாகக் கொண்டு சென்றால், சட்டத்தரணி முதல் நாளிலேயே வேலையைத் தொடங்குவார்.